ஸ்டிக்கரில் தெரியாத படை

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் பாண்டிச்சேரி போகிற எந்த ஆபீஸ் கோஷ்டியை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். மரக்காணம் தெரியும் என்பார்கள். உப்பளம் வந்துவிட்டால் பாண்டி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த உப்பின் முன்னால் நின்று ஒரு போட்டோ. கோட்டக்குப்பமும் தெரியும். அதைத் தாண்டினால் பாண்டி. இரண்டுக்கும் நடுவே பெரிய முதலியார்சாவடி என்று ஒரு ஊர் இருக்கிறதே என்றால், "அப்படியா சார்?" என்பார்கள்.

சாவடி என்றால் வழிப்போக்கர்கள் இளைப்பாறும் இடம். இந்தக் கரையில் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பிள்ளைச்சாவடி என்று வரிசையாக இருக்கின்றன. பஸ் இல்லாத காலத்தில் நடந்து வந்தவர்களுக்காக யாரோ புண்ணியம் தேடிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது அந்த வேலையை கெஸ்ட் ஹவுஸ்கள் செய்கின்றன, புண்ணியத்துக்குப் பதில் வாடகை வாங்கிக்கொண்டு.

ரோட்டுக்கு மேற்கே, 1968ல் ஆரம்பித்த ஆரோவில்லுக்குத் திரும்பும் வழி. கிழக்கே மீனவர் குடியிருப்பு, வலை, ஃபைபர் படகு. கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வருகிறது. டீக்கடையில் வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் "அண்ணா, சக்கரை கம்மி" என்று தமிழில் கேட்பார். பக்கத்தில் நம்ம ஆள் "ஒன் டீ, ஸ்ட்ராங்" என்பார். உலக ஒற்றுமைக்கு இதைவிட என்ன வேண்டும்!

அந்த மாதிரி ஒரு டீக்கடை வாசலில்தான் அந்த பைக் நின்றது. பின்பக்கம் நம்பர் பிளேட்டைவிடப் பெரிதாக ஒரு ஸ்டிக்கர். புலிச் சீருடையில், தொப்பியோடு, பிரபாகரன் படம். பைக்குக்குச் சொந்தக்காரருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். 2009ல் போர் முடிந்தபோது அரை டிராயர் போட்டுக்கொண்டு ஓடியிருப்பார்.

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கை, முழங்கை எல்லாம் பெயின்ட். கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் சுண்ணாம்பு சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலை. அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, பிடிச்சிருக்கா?" என்றேன்.

"வடிவாத்தான் இருக்குது தம்பி. மழைக்கும் கரையாது போல" என்றார்.

'வடிவா' என்றதுமே புரிந்துவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் பரந்தன் ஊர்க்காரராம். 1990ல் மன்னார் வந்து, படகேறி ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கே அனுப்பப்பட்டவர். வீடு, கீழ்ப்புத்துப்பட்டு முகாமில். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நாம் ஏ.சி. பஸ்ஸில் கண்ணயர்ந்து கடக்கிற இடம்.

"மரக்காணத்து உப்பளத்தக் கண்டா எனக்கு ஆனையிறவுதான் ஞாபகம் வரும். என்ர அப்பா அங்கதான் உப்பள்ளினவர்" என்றார்.

ஆனையிறவு! நம்மில் பலருக்கு அது ஒரு போர்க்களத்தின் பெயர். அவருக்கு அப்பா வேலை பார்த்த இடம்.

* * *

பெரிய முதலியார்சாவடிக் கடற்கரையில் நின்று தெற்கே ஒரு கோடு போட்டால் இலங்கையின் வடமுனையான பருத்தித்துறை சுமார் 240 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி இதைவிடத் தூரம். இவ்வளவு பக்கத்தில் ஒரு படை பிறந்தது, வளர்ந்தது, கப்பல் விட்டது, விமானம் விட்டது, அழிந்தும் போனது. கதையை முதலிலிருந்து பார்த்துவிடலாம்.

1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. எழுபதுகளில் பல்கலைக்கழக இடங்களைத் 'தரப்படுத்தியதில்' தமிழ் மாணவர்களுக்கு அடி விழுந்தது. 1976 மே 14ஆம் தேதி வட்டுக்கோட்டையில் கூடிய தமிழ்த் தலைவர்கள் தனிநாடுதான் வழி என்று தீர்மானம் போட்டார்கள். தலைவர்கள் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தபோதே பையன்கள் துப்பாக்கி தேடிக்கொண்டிருந்தார்கள். 1972ல் 'புதிய தமிழ்ப் புலிகள்' என்று ஆரம்பித்த குழு, 1976 மே 5ஆம் தேதி 'தமிழீழ விடுதலைப் புலிகள்' ஆயிற்று. தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனுக்கு அப்போது வயது இருபத்தொன்று.

1981ல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலை 23ஆம் தேதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் வைத்த கண்ணியில் 13 சிப்பாய்கள் செத்தார்கள். அடுத்த நாட்களில் கொழும்பில் தமிழர்களைத் தேடித் தேடி வெட்டினார்கள், எரித்தார்கள். அரசாங்கம் தடுக்கவில்லை. கறுப்பு ஜூலை. அதற்கு முன்னால் புலிகளின் முழுநேர ஆட்கள் எல்லோரையும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏற்றியிருக்கலாம். அதற்குப் பிறகு பஸ் போதவில்லை.

நாம் வேடிக்கை மட்டும் பார்த்தோம் என்று சொல்ல முடியாது. 1982 மே மாதமே சென்னைப் பாண்டி பஜாரில் பிரபாகரனும் புளொட் தலைவர் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு கைதாகி, ஜாமீனில் வந்தார்கள். 1983க்குப் பிறகு இந்திய அரசே வடக்கே மலைப்பக்கம் கூட்டிப்போய் இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது. சேலம் மாவட்டம் கொளத்தூரில் புலிகளின் முகாம் இருந்தது. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். பணம் கொடுத்தார். ஐந்து பெரிய இயக்கங்கள், ஒரே லட்சியம், ஐந்து தலைவர்கள். நம் ஆபீஸ்களில் ஐந்து யூனியன் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே எல்லோர் கையிலும் துப்பாக்கி வேறு.

* * *

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் சொத்து, அந்தப் பக்கம் கடன் என்று எழுதிப் பார்க்கிற வியாதி உண்டு. இந்தப் படைக்கும் அப்படி எழுதிப் பார்க்கலாம்.

சொத்துப் பக்கம் அசத்தலானது. உலகத்தில் எத்தனையோ கொரில்லா குழுக்கள் உண்டு. ஒரு ராணுவம் மாதிரியே ஆனவை மிகக் குறைவு. சார்ள்ஸ் அன்ரனி படையணி, கிழக்கு மாகாணத்துக்காரர்களின் ஜெயந்தன் படையணி, பெண்களின் மாலதி, சோதியா படையணிகள், பீரங்கிக்குக் கிட்டு படையணி. சூசை தலைமையில் கடற்புலிகள். மேஜர், கேணல் என்று பதவிகள். பெரும்பாலும் செத்த பிறகுதான் பதவி தெரியும். கழுத்தில் சயனைடு குப்பி. மாலதி என்பவர் 1987 அக்டோபர் 10ஆம் தேதி கோப்பாயில் செத்த முதல் பெண் புலி. அவர் சண்டை போட்டது சிங்களச் சிப்பாயோடு அல்ல, அமைதி காக்கப் போன இந்திய சிப்பாயோடு. 1990 மார்ச்சில் நம் ராணுவம் திரும்பி வருவதற்குள் சுமார் 1,200 இந்திய வீரர்கள் செத்திருந்தார்கள்.

இனி ஆனையிறவுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னியோடு ஒட்டவைக்கும் மெல்லிய நிலம் அது. இரண்டு பக்கமும் உப்புநீர், நடுவில் ரோடு. இதை வைத்திருப்பவன் கையில் யாழ்ப்பாணத்தின் சாவி. 1991 ஜூலையில் புலிகள் அங்கிருந்த ராணுவ முகாமை வளைத்தார்கள். அதுவரை இருட்டில் வந்து அடித்துவிட்டு ஓடியவர்கள், முதல் தடவையாக நின்று சண்டை போட்டார்கள். உப்பளத்தில் ஒளிய மரம் ஏது? ஒரு புல்டோசருக்கு இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டியாக்கி முன்னால் விட்டார்கள். காமினி குலரத்ன என்ற சிங்களச் சிப்பாய் கையெறி குண்டுகளோடு அதன் மேல் ஏறி, வெடிக்கவைத்துத் தானும் செத்தார். கடல் வழியாக ராணுவ உதவி வந்து இறங்கியது. புலிகள் பின்வாங்கினார்கள். அவர்கள் பக்கம் மட்டும் ஐந்நூறுக்கும் மேல் சாவு.

அதிலிருந்து பாடம் படித்தார்கள். 1993ல் பூநகரி, 1996 ஜூலையில் முல்லைத்தீவு. முல்லைத்தீவில் ஒரே முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். நடுவில் 1995 டிசம்பரில் யாழ்ப்பாண நகரத்தை ராணுவத்திடம் இழந்தார்கள். ஆனாலும் 2000 மார்ச்சில் பால்ராஜ் தலைமையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் கடல் வழியாகக் குடாரப்பில் போய் இறங்கி, ஆனையிறவுக்கு வரும் ரோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இயக்கச்சியில் குடிதண்ணீர்க் கிணறுகள் கைமாறின. முகாமைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தண்ணீர், எல்லாம் உப்பு. ஏப்ரல் 22ஆம் தேதி ஆனையிறவு விழுந்தது. தாகம்தான் கடைசிக் குண்டு.

2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று போர்நிறுத்தம். கிளிநொச்சியில் ஒரு குட்டி அரசாங்கமே நடந்தது. போலீஸ், கோர்ட், வங்கி எல்லாம் உண்டு. 1996ல் இலங்கை அரசு கடிகாரத்தை மாற்றியபோது புலிகள் மாற்றவில்லை. பல வருஷம் வவுனியாவைத் தாண்டி ஓமந்தையில் நுழைந்தால் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னால் திருப்ப வேண்டும். தனிநாடு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி! 2007 மார்ச் 26ஆம் தேதி சின்னஞ்சிறு ஸ்லின் விமானங்களில் போய்க் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டார்கள். ஆப்பிரிக்காவில் நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவும் 1969ல் இப்படித்தான் குட்டி விமானங்களை வைத்துக் கொஞ்ச நாள் கலக்கியது. 1970 ஜனவரியில் அந்த நாடே இல்லை. பட்டினியில் செத்த குழந்தைகளின் படங்களைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது.

* * *

ஸ்டிக்கரில் தெரிவது இதுவரைக்கும்தான். இனிமேல்தான் அந்தப் பக்கக் கணக்கு.

1986ல் புலிகள் டெலோ இயக்கத்தை அழித்தார்கள். செத்தது நூற்றுக்கணக்கான தமிழ்ப் பையன்கள், தலைவர் சிறீ சபாரத்தினம் உட்பட. 1989 ஜூலையில் கொழும்பில் அமிர்தலிங்கம் சுடப்பட்டார். வட்டுக்கோட்டையில் தீர்மானம் போட்டவர்களில் ஒருவர் அவர். 1990 ஜூனில் சென்னைக் கோடம்பாக்கத்திலேயே ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரம் பேருக்கும் மேல், தமிழ் பேசுகிறவர்கள், தமிழர் படையால் அகதியானார்கள்.

கணக்குப் பாடத்தில் 'குட்வில்' என்று ஒரு அயிட்டம் உண்டு. நல்ல பெயர். கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் சொத்து. தமிழ்நாடு முழுக்க அந்தப் படைக்கு அது குவிந்து கிடந்தது. 1991 மே 21ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு அதுவும் சிதறியது. அடுத்த வருஷமே இந்தியாவில் தடை. 1993 ஜனவரியில் கிட்டு வந்த கப்பலை வங்கக் கடலில் இந்தியக் கடற்படை மறித்தது. கிட்டுவும் கூட வந்தவர்களும் கப்பலோடு எரிந்தார்கள்.

"இங்க எப்படி இருந்துச்சு அப்போ?" என்று பெயின்டரைக் கேட்டேன்.

"தொண்ணூறில வரேக்க சனம் சோறு தந்தது தம்பி. தொண்ணூற்றொண்டில அதே சனம் கதவச் சாத்திச்சுது. நாங்கள் என்ன செய்தனாங்கள்? இன்னும் மாதாமாதம் ஆள் கணக்கெடுக்கினம். வேலைக்குத் தூரப் போறதெண்டா சொல்லிப்போட்டுத்தான் போகவேணும்."

அண்ணன் குடும்பம் வன்னியிலேயே இருந்துவிட்டதாம். அண்ணனுக்கு இரண்டு பையன்கள். "மூத்தவன் தன்ர விருப்பத்தில இயக்கத்துக்குப் போனவன். ஆனையிறவில முடிஞ்சுது. அத நாங்கள் பெருமையாத்தான் சொல்லுவம். மற்றவன வீட்டுக்கு ஒருத்தர் எண்டு பிடிச்சுக்கொண்டு போனவை. அவனுக்குப் பதினேழு. ஏற்கெனவே ஒண்டக் குடுத்திட்டம் எண்டு தாய் காலில விழுந்தவ."

கொஞ்ச நேரம் டீயை உறிஞ்சினார். "அவன்ட படம் ஒரு ஸ்டிக்கரிலயும் வராது" என்றார்.

இதற்கு எந்தப் பக்கத்தில் என்ட்ரி போடுவது என்று எந்தப் புரொபசரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

* * *

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். அந்த டிசம்பர் 26ஆம் தேதி முல்லைத்தீவை அடித்த அதே சுனாமிதான் இந்த முதலியார்சாவடிக் கரையையும் அடித்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் தமிழர்கள் ஓட்டுப் போடக் கூடாது என்று புலிகள் சொன்னார்கள். மகிந்த ராஜபக்ச இரண்டு லட்சத்துக்கும் குறைவான ஓட்டில் ஜெயித்தார். 2007ல் கிழக்கு போயிற்று. 2009 ஜனவரி 2ல் கிளிநொச்சி, ஒரு வாரத்தில் ஆனையிறவு, மாதம் முடிவதற்குள் முல்லைத்தீவு.

கடைசியில் நந்திக்கடலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. அதில் லட்சக்கணக்கான ஜனம். 'இங்கே சுட மாட்டோம்' என்று அரசாங்கமே அறிவித்த இடத்தில் அரசாங்கமே ஷெல் அடித்தது. ஆஸ்பத்திரிகள் மேலும் விழுந்தது. தப்பி ஓடிய ஜனங்களைப் புலிகள் சுட்டார்கள். இரண்டையும் ஐ.நா. நிபுணர் குழு 2011ல் எழுதி வைத்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை செத்திருக்கலாம் என்கிறது அந்த அறிக்கை. 2009 மே 17ல் துப்பாக்கிகளை மௌனிக்கச் செய்கிறோம் என்று புலிகள் தரப்பு அறிவித்தது. இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது.

ஷெல் அடித்தது இலங்கை அரசு. அந்தக் குற்றத்துக்கு இன்றுவரை சரியான விசாரணை இல்லை. புலிகளின் தப்பைச் சொல்வதால் அது ஒரு துளி குறைந்துவிடாது. ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரப் படைக்கு ஏன் யாரும் "இது தப்பு, வேண்டாம்" என்று சொல்லவில்லை? சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இல்லை, அல்லது ஊரில் இல்லை. ஆடிட்டரை முதலில் தீர்த்துக்கட்டிய கம்பெனி எவ்வளவு லாபம் காட்டினாலும் ஒருநாள் மூடத்தான் வேண்டும். மூடும்போது நஷ்டம் முதலாளியோடு போவதில்லை. டெபாசிட் போட்ட ஏழைகள் தலையில்தான் விழும். மூத்த மகனையும் இளைய மகனையும் டெபாசிட் போட்ட அந்தத் தாய் மாதிரி.

* * *

கீழ்ப்புத்துப்பட்டுக்கு நீங்களும் ஒருதரம் போகலாம். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் இருக்கிற ஊர்தான். கோயிலுக்கு வருகிறவர்கள் வேண்டிக்கொண்டு, பொங்கல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் முகாம் இருப்பது பாதிப்பேருக்குத் தெரியாது. 2021ல் தமிழக அரசு இந்த இடங்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. 'அகதி' என்ற வார்த்தை போனது நல்ல விஷயம். ஆனால் அந்த 'முகாம்' மட்டும் போகவில்லை.

சட்டம் இப்படி இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன்னால் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் கெடுபிடி. ஆகவே 1990ல் வந்தவருக்கு இங்கே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், நம்மைப் போலவே பி.காம். முடித்து, நம்மைப் போலவே 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்ற கேள்விக்கு முழிக்கிற பிள்ளைக்கு நாடு கிடையாது. 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு. இலங்கை இல்லை.

பைக்கில் படம் ஒட்டிக்கொள்ளும் தம்பிகளோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. எரிந்த நூலகமும் நந்திக்கடலும் பொய்யல்ல. ஆனால் ஆனையிறவில் ஜெயித்தது யார் என்று பட்டிமன்றம் நடத்துகிற நாம், ஆனையிறவில் உப்பு அள்ளியவரின் மகன் இந்த ஊரில் ஒரு ஓட்டுப் போட முடியுமா என்று கேட்டதில்லை. முதல் கேள்விக்குப் பதில் 2009லேயே கிடைத்துவிட்டது. இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்க நமக்கு ஓட்டு இருக்கிறது. அந்த முகாமில் பிறந்த பிள்ளைக்கு இல்லை.

சாவடி என்பது ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிற இடம். முப்பத்தைந்து வருஷம் ஒருவரைச் சாவடியிலேயே உட்காரவைத்துவிட்டு, அவர் ஊர்ப் படையின் வீரத்தைப் பற்றி அவரிடமே பேசுவது நன்றாக இல்லை, சார்.